சண்டை வராமல் பார்த்துக்கொண்ட பெண்

அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். அஞ்சலை, அர்ச்சனா, நான்.

கடக்வாஸ்லா போகும் சாலையில் இருக்கிற பெண்கள் இல்லம் அது. பெயர் வேண்டாம். நீளமான மேஜை, அதன் மேல் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, தட்டில் பிஸ்கட். மேஜைக்கு அந்தப் பக்கம் இல்லத்தின் நிர்வாகி அம்மாளும் கமிட்டிக்காரர்களும். இந்தப் பக்கம் அஞ்சலை. அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சமையலறையிலிருந்து நேராக வந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் பூண்டு வாசனை அடித்தது.

அஞ்சலைக்குத் திருவண்ணாமலைப் பக்கம். கட்டட வேலைக்குப் புருஷனோடு புனே வந்தவள். சாரம் சரிந்து புருஷன் போய்விட்டான். காரியம் முடிந்த கையோடு மேஸ்திரி கொட்டகையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டான். யாரோ புண்ணியவான் அவளையும் அவள் மகள் துர்காவையும் இந்த இல்லத்தில் கொண்டுவந்து விட்டார். மராத்தியும் இந்தியும் அவளுக்கு உப்பு, தண்ணி, வா, போ என்கிற அளவுக்குத்தான்.

அர்ச்சனா என் மாணவி. சமூகப்பணி முதுகலை, முதலாண்டு. எங்கள் படிப்பில் வாரத்தில் சில நாள் வகுப்பு, சில நாள் களப்பணி. தமிழ் தெரிந்த பெண்ணாயிற்றே என்று நான்தான் அவளை இந்த இல்லத்துக்கு அனுப்பியிருந்தேன். "நம்மூரு பேச்சு பேசுது இந்தப் பொண்ணு" என்று அஞ்சலை அவளோடு முதல் நாளே ஒட்டிக்கொண்டாள்.

அன்றைக்குப் பேச்சு துர்காவைப் பற்றி. அவளுக்கு வயதாகிவிட்டதாம், இனி இல்லத்தில் வைத்துக்கொள்ள விதி இல்லையாம். வேறு மாவட்டத்தில் இருக்கிற விடுதிப் பள்ளிக்கு அனுப்ப ஏற்பாடு. அம்மா சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். "கேளும்மா, சம்மதமா என்று கேள்" என்று நிர்வாகி அம்மாள் மராத்தியில் தேன் ஒழுகச் சொன்னார். அர்ச்சனா கேட்டாள்.

அஞ்சலை மடமடவென்று பேசினாள்.

"அனுப்ப மாட்டேன். என்ன யாரும் ஒரு வார்த்த கேக்கல. எங்கண்ணன் ஊருக்கு எங்க ரெண்டு பேத்தயும் அனுப்பிடுங்கன்னு எத்தினி தடவ கேட்டாச்சி? காதுல போட்டுக்கல. பொழுது வெடிஞ்சா இவங்களுக்கு ஆக்கிப் போட நான் வேணும், எம் பொண்ணு மட்டும் பாரமா? பொண்ணு இவங்க கையில இருந்தா நான் எங்க போவேன்? இங்கயே கெடந்து ஆக்கிப் போடுவேன்னு கணக்குப் போடறாங்க. சொல்லு கண்ணு, நல்லா சொல்லு."

அர்ச்சனா தொண்டையைச் செருமிக்கொண்டு மராத்தியில் சொன்னாள்:

"அவங்களுக்குக் கொஞ்சம் கவலையா இருக்கு. முதல் தடவையா குழந்தையப் பிரியறாங்க இல்லையா. ஆனா நீங்க எது செஞ்சாலும் நல்லதுக்குத்தான் செய்வீங்கன்னு நம்பறாங்க."

நிர்வாகி அம்மாள் சிரித்தார். கமிட்டித் தலைவர் பேனா மூடியைத் திறந்தார். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து, தான் சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அஞ்சலையும் சிரித்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

கத்துகிற வகுப்பு

என் கோபம் கல்லூரியில் பிரசித்தம். "உன் பிரஷருக்கு இது ஆகாது" என்று வீட்டுக்காரர் தினம் மாத்திரையைக் கையில் வைக்கிறார். பேங்கில் வேலை பார்த்தவர், யாரையும் அதட்டாமல் ரிட்டயர் ஆனவர். ஆனால் அன்றைக்கு வந்த கோபம் மாத்திரைக்கு அடங்குகிற ஜாதி இல்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் இன்னொரு கோபத்தைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் துறையில் ஆண்டுதோறும் "தன்னம்பிக்கைப் பயிற்சி" என்று ஒன்று நடக்கும். கோட்டு போட்ட ஒருவர் வருவார். மாணவர்களை நாற்காலி மேல் ஏறச் சொல்வார். "என்னால் முடியும்!" என்று கத்தச் சொல்வார். பிள்ளைகள் கத்துவார்கள். இன்னும் சத்தமாக என்பார். இன்னும் கத்துவார்கள். பக்கத்துக் கட்டடத்திலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் எல்லோரும் கைதட்டி, குரூப் போட்டோ எடுத்து, சமோசா சாப்பிட்டுக் கலைவார்கள்.

கத்திய அதே பிள்ளைகள் அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். ஒரு கிழவர் காலையிலிருந்து சீட்டை வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பார். உள்ளே போய் "இவரை ஏன் இன்னும் கூப்பிடவில்லை?" என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வராது. களப்பணிக் குறிப்பில் மட்டும் அழகாக எழுதுவார்கள், "முதியவரின் மனக்குமுறலைப் பொறுமையாகச் செவிமடுத்தேன்" என்று. பக்கத்தில் நான் சிவப்பு மையில் எழுதுவேன்: "செவிமடுத்து? அப்புறம்?"

நாற்காலி மேல் ஏறிக் கத்துவதற்குத் தைரியம் எதற்கு? எதிரில் ஆளே இல்லையே! மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க, நாம் சொல்வது அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்தும், தணிந்த குரலில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் தைரியம் வேண்டும். இதை நான் துறைக் கூட்டத்தில் சொன்னபோது, "மேடம் எல்லாவற்றையும் எதிர்க்கிறார்" என்று குறிப்பில் ஏறியது. ஏறட்டும்.

அந்த ஆண்டு நாற்காலி மேல் நின்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவள் அர்ச்சனாதான். கோட்டுக்காரர் அவளுக்கு ஒரு பேனா பரிசளித்துவிட்டுப் போனார்.

வராந்தாவில்

தலைவரின் பேனா காகிதத்தில் படுவதற்குள் நான் எழுந்துவிட்டேன். "ஐயா, ஒரு டீ குடித்துவிட்டுத் தொடரலாமா? மாணவியிடம் கொஞ்சம் பேச வேண்டும்" என்றேன். டீ என்றால் புனேயில் யார் மறுக்கப்போகிறார்கள்? பேனா மூடப்பட்டது. நான் அர்ச்சனாவின் மணிக்கட்டைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"அவ என்ன சொன்னா, நீ என்ன சொன்னே?"

"மேடம், அப்டியே சொன்னா ஜகடா ஆகும் மேடம்."

"ஆகட்டுமே! அவ சண்டை போடத்தானே வந்தா?"

"இல்ல மேடம், அவங்க கோவமா இருந்தாங்க. நீங்கதான கிளாஸ்ல சொன்னீங்க, நாம நடுவுல நிக்கணும், எந்த சைடும் எடுக்கக் கூடாதுன்னு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வராந்தாத் தூணை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நடுநிலை என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தால், இந்தப் பிள்ளைகள் அதை மடித்து வாயில் வைத்து அடைத்துக்கொள்கிறார்கள். எதிரே ஒரு தாய் பிள்ளையை இழந்துகொண்டிருக்கிறாள். இவள் நடுவில் நிற்கிறாளாம், நடுவில்!

"உள்ள இருக்கிறவங்க அந்தப் பொண்ண அனுப்பிட்டா, அஞ்சலை யார நம்பி இருப்பா? உன்னையா?" என்று கத்தினேன். தோட்டத்தில் குழாயடியில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள்.

அர்ச்சனா அழவில்லை. அழுதிருந்தால் என் கோபம் இன்னும் ஏறியிருக்கும். துப்பட்டா முனையைச் சுருட்டிக்கொண்டே, "நான் சின்னதுலேந்து இப்டித்தான் மேடம் பண்றேன். யாரும் தப்புன்னு சொன்னதில்ல" என்றாள்.

தங்கமான பொண்ணு

அவள் புனேயை ஒட்டிய கசார்வாடிக்காரி. அப்பா லேத் பட்டறையில் வேலை. குடியாத்தத்திலிருந்து வந்த குடும்பம். அம்மாவும் அப்பாவும் தமிழோடு சரி. பள்ளிக்கூடம் போன அர்ச்சனாவுக்குத்தான் மராத்தி வந்தது. அதனால் விவரம் தெரிந்த வயதிலிருந்து வீட்டுக்கு வாய் அவள்தான்.

வீட்டுச் சொந்தக்காரி, அர்ச்சனாவுக்குக் காகு, அதாவது சித்தி, வாசலில் நின்று, "மெட்ராஸ்காரர்கள் வந்து என் முற்றத்தைச் சாக்கடை ஆக்கிவிட்டார்கள்" என்று மராத்தியில் வைவாள். அர்ச்சனா உள்ளே திரும்பி, "தண்ணி கொஞ்சம் பாத்து ஊத்த சொல்றாங்கம்மா" என்பாள். அம்மா உள்ளேயிருந்து காகுவின் ஏழு தலைமுறையையும் இழுப்பாள். அர்ச்சனா வெளியே திரும்பி, "சரி காகு, இனிமே பாத்துக்கறாங்களாம்" என்பாள். இத்தனை வருஷம் அந்த வளவில் ஒரு சண்டை வந்ததில்லை. காகு தீபாவளிக்குப் பலகாரத் தட்டு அனுப்புவாள். தங்கமான பொண்ணு என்று இரண்டு பக்கமும் சொல்லும்.

பள்ளியில் அப்பா தலைமையாசிரியையிடம் எகிறியதை, "அப்பா மன்னிப்புக் கேக்கறாரு" என்று சொல்லியிருக்கிறாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து அவள் சொன்னதில் அது நின்றது.

ஒருநாள் அம்மாவுக்கு வயிற்றுவலி. டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனவள் இவள்தான். "உசிரு போவுதுன்னு சொல்லுடி" என்றாள் அம்மா. டாக்டர் எரிச்சலாக இருந்தார். வெளியே நீளமான வரிசை. அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று பிள்ளை, "கொஞ்சம் வலிக்குதாம்" என்றது. கொஞ்ச வலிக்கு என்ன மாத்திரையோ அதைக் கொடுத்து அனுப்பினார்கள். அப்புறம் அது ஆபரேஷன் வரை போனது. அம்மா பிழைத்தது பெரிய விஷயம்.

"அம்மாக்கு இன்னி வரைக்கும் தெரியாது மேடம். டாக்டர் சரியா பாக்கலன்னுதான் நெனைக்கறாங்க."

இப்போது நான் யார் மேல் கோபப்படுவது? துப்பட்டாவைச் சுருட்டிக்கொண்டு நிற்கிற இந்தப் பெண் மேலா? ஒரு குழந்தையைக் கூட்டிப் போய் டாக்டர் முன்னால் நிறுத்தி, பெரியவர்களின் வலியையும் வசவையும் அதன் நாக்கில் ஏற்றி, அது பயந்து பயந்து எல்லாவற்றையும் மழுக்கிக் கொடுத்ததும் தங்கம் என்று தட்டிக்கொடுத்தார்களே, அவர்கள் அத்தனை பேர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. அந்த எரிச்சல்கார டாக்டர் மேல் வந்தது. இந்த ஊர்ப் பாஷை தெரியாவிட்டால் வலியைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பதன் மேல் வந்தது. இந்தப் பெண்ணுக்குப் பேச வராது என்று அதுவரை நான் நினைத்திருந்தேன். அவள் வாழ்நாளெல்லாம் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், யாருக்கும் உறைக்காதபடி.

உள்ளே கோப்பைகள் வைக்கிற சத்தம் கேட்டது. டீ முடிந்துகொண்டிருந்தது.

"இதோ பார் அர்ச்சனா. உள்ள போய் நீ சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன். உனக்குப் பயிற்சி வேணும்னு அந்தக் குழந்தைய நான் பணயம் வைக்க மாட்டேன். ஆனா அஞ்சலை நம்பினது உன்னை. யோசிச்சுக்கோ."

"சண்டை ஆச்சுன்னா மேடம்?"

"ஆச்சுன்னா நானும் அங்கதான் உக்காந்திருப்பேன்."

உறைத்த மராத்தி

அவள் நின்றுகொண்டே ஆரம்பித்தாள். குரல் உட்கார்ந்துபோயிருந்தது. கோட்டுக்காரர் கேட்டிருந்தால் இன்னும் சத்தமாக என்றிருப்பார்.

"முன்னால நான் சொன்னது சரியில்லை. அவங்க சொன்னது வேற. அவங்க பொண்ண அனுப்ப மாட்டாங்க."

அறையில் பிஸ்கட் கடிக்கிற சத்தம் நின்றது. அர்ச்சனா ஒவ்வொன்றாகச் சொன்னாள். யாரும் கேட்கவில்லை என்றதைச் சொன்னாள். அண்ணன் ஊருக்கு அனுப்பச் சொன்னதைச் சொன்னாள். சமையல் விஷயம் வந்ததும் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். நான் பிஸ்கட் தட்டைப் பார்த்தேன். அவளைப் பார்த்திருந்தால் நானே சொல்லியிருப்பேன். என் வாய் அப்படி.

அவள் அதையும் சொன்னாள்.

"இதெல்லாம் அவள் சொன்னதா, நீ சேர்த்துக்கொண்டதா?" என்றார் நிர்வாகி அம்மாள். தேன் காணாமல் போயிருந்தது. என் பக்கம் திரும்பி, "மேடம், உங்கள் மாணவி..." என்று இழுத்தார்.

"எனக்கும் தமிழ் தெரியும். ஒரு வார்த்தை கூடவில்லை" என்றேன்.

"சோறு போட்டு, கூரை கொடுத்து வைத்திருக்கிறோம். நன்றி கெட்டவள்" என்றார் அம்மாள்.

"இன்னா சொல்றாங்க கண்ணு?" என்றாள் அஞ்சலை.

அர்ச்சனா ஒரு கணம் தடுமாறினாள். பிறகு சொன்னாள். "உங்கள நன்றி கெட்டவங்கன்னு சொல்றாங்கக்கா."

"சொல்லிட்டுப் போவட்டும். எம் பொண்ண மட்டும் வுட்டுடச் சொல்லு."

கமிட்டித் தலைவர் வயதானவர், அதுவரை அதிகம் பேசாதவர். "இவள் அண்ணனோடு யாராவது பேசினீர்களா?" என்று கேட்டார். ஒருவரும் பேசவில்லை. போன் நம்பரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. "பேசிவிட்டு என்னைக் கூப்பிடுங்கள், அதுவரை குழந்தை அம்மாவோடு இருக்கட்டும்" என்று எழுந்துவிட்டார். இத்தனை நாள் ஒரு போன் போட ஆள் இல்லை. மாலை போட்டு போட்டோ எடுக்க மட்டும் அந்த இல்லத்தில் எப்போதும் ஆள் உண்டு.

எதற்கு ஸாரி?

மறுநாளே துறைத்தலைவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நிர்வாகி அம்மாள் போனில் வெளுத்து வாங்கியிருந்தார். கல்லூரிக்கும் இல்லத்துக்கும் பல வருஷத்து உறவு, அதைக் கெடுக்கக் கூடாது, அந்தப் பெண் ஒரு ஸாரி சொல்லிவிட்டால் முடிந்தது என்றார் துறைத்தலைவர். வேண்டுமானால் புனே கேம்ப் பகுதியில் ஒரு அலுவலகத்துக்கு மாற்றிவிடுகிறேன், ஏசி அறை, பஸ்ஸும் சுலபம் என்றார்.

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தேன். என் அனுபவம், தொழிலின் நெறி, அம்மாளின் லட்சணம் என்று நன்றாகச் சூடு பிடித்த நேரம்.

"மேடம், ப்ளீஸ். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

அர்ச்சனாதான். தமிழில் சொன்னாள். என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை, வீட்டுக்காரர் உட்பட. எனக்குச் சுரீர் என்றது. இருந்தாலும் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் இந்தியில் அவரிடம் கேட்டாள். "சார், எதுக்கு ஸாரி சொல்லணும்? முதல்ல சொன்னதுக்கா, ரெண்டாவது சொன்னதுக்கா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டாவது சொன்னது நிஜம். அதுக்கு ஸாரி சொல்ல மாட்டேன். முதல்ல சொன்னது பொய். அதுக்குச் சொல்லணும், ஆனா அந்த மேடம்கிட்ட இல்ல. கேம்ப் வேணாம் சார். வியாழக்கிழமை நான் அங்கயேதான் போகப்போறேன்."

"உள்ளே விட்டால் போ" என்றார் அவர்.

விட்டார்கள். விடாமல் என்ன செய்வார்கள்? அண்ணனோடு தமிழில் பேச அந்த இல்லத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

வியாழக்கிழமை

நானும் கூடப் போனேன். வாசலில் யாராவது அவளைத் தடுத்தால் ஒரு கை பார்ப்பது என்றுதான் போனேன். யாரும் தடுக்கவில்லை. வாட்ச்மேன் குட்மார்னிங் சொன்னான். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

சமையலறையில் பெரிய அடுப்பு. நாலைந்து பெண்கள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அஞ்சலை பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அர்ச்சனா நேராக அவளிடம் போய் நின்றாள். நான் கதவோரம் நின்றேன்.

"அக்கா, கூட்டத்துல முதல் தடவ நீங்க பேசுனப்போ நான் தப்பா சொல்லிட்டேன். நீங்க சரின்னு சொன்ன மாதிரி சொல்லிட்டேன். மேடம் டீ கேக்கலன்னா துர்காவ அனுப்பியிருப்பாங்க. என்ன மன்னிச்சிடுங்க."

அதுவரை அஞ்சலைக்கு அது தெரியாது. கரண்டி நின்றது. அர்ச்சனாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஒரு பிடி பிடித்தாள் பாருங்கள்!

"நம்மூரு பொண்ணாச்சேன்னு ஒன்ன நம்புனேனே! ஒன் வாயில என் பேச்ச வெச்சனே! எம் பொண்ண வித்துட்டு வந்து மன்னிச்சிடுன்றியா? படிச்ச நாயே, ஒனக்கு ஒரு புள்ள இருந்தா இப்படிச் செய்வியா? ஒம் மூஞ்சில முழிக்கிறதே பாவம். நீயெல்லாம் எங்கள காப்பாத்த வந்தவளா?"

எனக்கு ஒரு கால் முன்னால் போய்விட்டது. நிறுத்திக்கொண்டேன். அவள் சும்மா இரு என்றது எனக்கு ஞாபகம் இருந்தது.

கீரை ஆய்ந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி மராத்தியில், "என்ன சொல்கிறாள், ஏன் இப்படிக் கத்துகிறாள்?" என்று அர்ச்சனாவைக் கேட்டாள்.

அர்ச்சனா அவர்கள் பக்கம் திரும்பினாள். மராத்தியில் சொன்னாள். இவங்க என்னை நம்பினாங்க. நான் இவங்க குழந்தையை வித்துட்டேன்னு சொல்றாங்க. என்னைப் படிச்ச நாய்னு சொல்றாங்க. என் மூஞ்சில முழிக்கறது பாவமாம். நான் காப்பாத்த வந்தவளான்னு கேக்கறாங்க.

பருப்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அஞ்சலை அடுப்பைத் தணித்தாள்.

"இவளுங்ககிட்ட இன்னா சொன்ன?"

"நீங்க என்னத் திட்டினத சொன்னேன்க்கா."

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தையும்."

அஞ்சலை கரண்டியை வைத்தாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "சரி, எங்கண்ணனுக்குப் போன போடு" என்றாள்.